சாவி ஒன்று, பெட்டிகள் பத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலம் கற்றுத்தரும் பத்திகளில் பிரிபொசிஷன் பாடம் என்றாலே 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தோடு முடிந்துவிடுகிறது. அதில் தவறினால்கூடப் பெரும்பாலும் கேட்பவருக்குப் பொருள் புரிந்துவிடும். பிரிபொசிஷனுக்குப் பின்னால் வரும் பெயர் ஒருமையா பன்மையா, அதைப் பார்த்து வினையை மாற்றலாமா கூடாதா என்பதில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். அதைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

'பெட்டிகளின் சாவி மேசைமேல் இருக்கிறது' என்று தமிழில் சொல்கிறோம். வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டுகிறது. பெட்டிகள் முன்னால் வந்து ஒதுங்கிக்கொள்ள, எழுவாயான சாவி பின்னால் வந்து வினையைப் பார்த்து நிற்கிறது. எண்ணில் பிசக வழியே இல்லை. ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ். 'தி கீ டு தி பாக்ஸஸ்' என்னும்போது சாவி முதலிலேயே வந்து போய்விடுகிறது. வினைக்கு முன்னால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவை பெட்டிகள். காதில் கடைசியாக விழுந்த பன்மை வினையைத் தன் பக்கம் இழுக்க, வாயில் 'ஆர்' வந்துவிடுகிறது. வர வேண்டியது 'இஸ்'. இருப்பது ஒரே சாவிதானே!

இது நம்மவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு அல்ல. கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரு உளமொழியியல் ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுபவர்களிடம் இப்படிப்பட்ட வாக்கியத் தொடக்கங்களைக் கொடுத்து முடிக்கச் சொன்னார்கள். அவர்களும் தடுக்கினார்கள். கவனிக்க வேண்டியது, எங்கே தடுக்கினார்கள் என்பது. எழுவாய் ஒருமையாகவும் இடையில் வருவது பன்மையாகவும் இருக்கும்போதுதான் பிழை மிகுந்தது. மாறாக 'தி கீஸ் டு தி பாக்ஸ்' என்று பன்மை முன்னாலும் ஒருமை பின்னாலும் வந்தால் அவ்வளவு குழப்பமில்லை. பன்மைக்குத்தான் இழுக்கும் பலம் அதிகம்.

இதற்கு மருந்து விரல்தான். பிரிபொசிஷனில் தொடங்கி அதன் பெயர்ச்சொல் வரை விரலால் மூடிவிட்டு மிச்சத்தைப் படிக்க வேண்டும். 'தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் இன் தி லாஸ்ட் டூ பேஜஸ் இஸ் லாங்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 'ஆஃப் நேம்ஸ்' மறையட்டும். அடுத்து 'இன் தி லாஸ்ட் டூ பேஜஸ்' மறையட்டும். மிஞ்சுவது 'தி லிஸ்ட் இஸ் லாங்'. நடுவில் இரண்டு பன்மை வந்தும் வினை அசையவில்லை. 'அலாங் வித்', 'டுகெதர் வித்' எல்லாவற்றுக்கும் இதே விரல் போதும்: 'தி டீச்சர், அலாங் வித் தி ஸ்டூடன்ட்ஸ், இஸ் வெயிட்டிங்'.

விரல் வேலை செய்யாத இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலருக்கு இந்த விதியிலேயே நம்பிக்கை போய்விடுகிறது. அளவைச் சொல்லும் சொல் முன்னால் வந்தால், வினை அளவைப் பார்க்காது, அளக்கப்படும் பொருளைப் பார்க்கும். 'எ லாட் ஆஃப் புக்ஸ் ஆர்', ஆனால் 'எ லாட் ஆஃப் வாட்டர் இஸ்'. புத்தகங்களில் பாதி என்றால் 'ஹாஃப் ஆஃப் தி புக்ஸ் ஆர்'; ஒரே புத்தகத்தில் பாதி என்றால் 'ஹாஃப் ஆஃப் தி புக் இஸ்'. இதில் மிகவும் வழுக்குவது 'நம்பர்'. 'எ நம்பர் ஆஃப் லெட்டர்ஸ் ஆர் மிஸ்ஸிங்' என்றால் பல கடிதங்கள் காணவில்லை. 'தி நம்பர் ஆஃப் லெட்டர்ஸ் இஸ் ஸ்மால்' என்றால் கடிதங்களின் எண்ணிக்கை குறைவு. முன்னால் நிற்கும் 'எ', 'தி' இரண்டும்தான் வினையைத் தீர்மானிக்கின்றன. 'நன் ஆஃப் தி புக்ஸ்' என்பதற்குப் பின் 'இஸ்', 'ஆர்' இரண்டுமே வழக்கில் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு மாணவரிடம் மதிப்பெண் குறைப்பது அநியாயம்.

இனி, எல்லோர் வாயிலும் வரும் 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்'. 'என் நண்பர்களில் ஒருவர்' என்று ஏட்டுத் தமிழில் யோசித்தால் இந்தத் தவறு நேரவே நேராது. பன்மை அங்கேயே இருக்கிறது. ஆனால் நாம் பேசுவது 'என் ஃபிரெண்டு ஒருத்தன்' என்று. 'இந்தப் பேனாவுல ஒண்ணு எடு' என்றும் தயங்காமல் சொல்கிறோம். 'மரம் வளர்ந்தது', 'மரம் வளர்ந்தன' இரண்டுமே சரி என்று நம் இலக்கணம் பால்பகா அஃறிணைப் பெயர் என ஒரு வகையே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. 'ஒன் ஆஃப்' வந்தால் அடுத்து வரும் எண்ணக்கூடிய பெயர் பன்மை, வினை ஒருமை. 'ஈச் ஆஃப் தி ரூம்ஸ் ஹாஸ்' என்பதும் அப்படியே. காதும் நம்மை ஏமாற்றுகிறது: 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் செட்' என்று வேகமாகச் சொல்லும்போது 'ஃபிரெண்ட்ஸ்' முடியும் ஒலியும் 'செட்' தொடங்கும் ஒலியும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். கேட்டுக் கற்பவருக்குப் பன்மை இருந்ததே தெரியாது. அதனால் இதை எழுத்தில் காட்டித்தான் பழக்க வேண்டும்.

பன்மையை எந்தச் சொல்லில் போடுவது என்பது அடுத்த சிக்கல். பிறந்த தேதிகள் பல என்றால் 'டேட்ஸ் ஆஃப் பர்த்'; 'டேட் ஆஃப் பர்த்ஸ்' அல்ல. பார்வைக் கோணங்கள் பல என்றால் 'பாயின்ட்ஸ் ஆஃப் வியூ'. மாமியார்கள் 'மதர்ஸ் இன் லா', வழிப்போக்கர்கள் 'பாஸர்ஸ் பை'. எதை எண்ணுகிறோமோ அந்தச் சொல்லுக்குத்தான் பன்மை.

சில தொடர்களில் அந்த ஒற்றை 'ஸ்' பொருளையே மாற்றிவிடுகிறது. கதவில் 'க்ளோஸ்டு ஆன் சண்டேஸ்' என்றிருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் விடுமுறை. 'ஆன் சண்டே' என்றிருந்தால் பெரும்பாலும் வரப்போகும் ஒரு ஞாயிறு மட்டும்தான். 'ஆன் ஃபுட்' என்றால் நடந்து. 'ஆன் ஹர் ஃபீட்' என்றால் நின்றுகொண்டு. 'பை ஹேண்ட்' கையால் செய்ததைக் குறிக்கும். 'இன் ஹிஸ் ஹேண்ட்ஸ்' என்றால் பொறுப்பு அவரிடம் இருக்கிறது என்றும் பொருள்படும். 'இன் ஹிஸ் தர்ட்டீஸ்' என்றால் வயது 30 முதல் 39 வரை. நாயைக் கண்டாலே பயம் என்பதற்கு 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்'. வெறும் 'டாக்' என்று நிறுத்தினால், பிராணி போய் ஏதோ ஒரு பண்டம் போல ஆகிவிடும். விரிவாக என்பது 'இன் டீட்டெயில்'. அங்கே 'ஸ்' சேர்ப்பது வழக்கமான தவறு.

எண்களிலும் ஒரு வார்த்தை. 'ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்புள்' சரி, 'டூ ஹண்ட்ரட் பீப்புள்' சரி. முன்னால் திட்டமான எண் வந்தவுடன் 'ஸ்', 'ஆஃப்' இரண்டும் கழன்றுவிடும். 'மோஸ்ட் ஆஃப் பீப்புள்' தவறு. ஒன்று 'மோஸ்ட் பீப்புள்', அல்லது 'மோஸ்ட் ஆஃப் தி பீப்புள்'.

பிரிபொசிஷன் தொடரைச் சுருக்கி முன்னால் கொண்டுவரும்போதும் பன்மை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். 'எ லிஸ்ட் ஆஃப் புக்ஸ்' சுருங்கினால் 'எ புக் லிஸ்ட்'. 'எ ரேக் ஃபார் ஷூஸ்' என்பது 'எ ஷூ ரேக்'. 'எ வாக் ஆஃப் டென் மினிட்ஸ்' என்பது 'எ டென் மினிட் வாக்'. 'ஸ்போர்ட்ஸ் டே', 'சேவிங்ஸ் அக்கவுன்ட்' போன்ற சில பிடிவாதக்காரச் சொற்கள் விதிவிலக்கு. அவற்றை அப்படியே மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாணவர் பகுதியில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று பிரிபொசிஷனை மட்டும் விட்டுவிட்டுக் கேட்பதை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். 'ஒன் ஆஃப் தி' வரை அச்சிட்டு, பெயரையும் வினையையும் காலியாக விடுங்கள். 'தி கலர் ஆஃப் தி வால்ஸ்' என்று கொடுத்து அடுத்த சொல்லைக் கேளுங்கள். விடைப் பகுதியில் 'இஸ்' என்று மட்டும் போடாமல், எந்தச் சொற்களை விரலால் மூட வேண்டும் என்பதைச் சாம்பல் நிறத்தில் அச்சிட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்