செயலாளர் ஆண்டறிக்கை: அடக்குவதும் தணிப்பதும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்கத்து நண்பர்களே, வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலவை இவ்வாண்டு ஆறு முறை கூடியது. தீபாவளி ஒன்றுகூடல் நல்லபடியாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இனி, கொதித்து நிற்கும் பிள்ளையை மோதல் இல்லாமல் தணிக்கக் கற்றுத்தரும் நெருக்கடித் தடுப்புப் பயிற்சிக்கு வருகிறேன்.

நம்மில் சிலர், வீட்டை விட்டுப் பிரிந்த பிள்ளைகள் தங்கியிருக்கும் இளையர் இல்லங்களில் பணியாற்றுகிறோம், சிலர் ஓய்வுபெற்றுவிட்டோம், சிலர் துணைப்பாடம் சொல்லித்தரப் போகும் தொண்டூழியர்கள். பணியிடப் பயிற்சிகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆனால் தமிழ்ப் பையன் ஒருவன் கொதித்து நிற்கும்போது நம் வாயில் முந்திக்கொண்டு வருவது தமிழ்தான். “என்ன, எதிர்த்துப் பேசுகிறாயா?” என்பது நாம் பிறந்த வீட்டில் கேட்ட குரல். அவனும் அதே குரலைக் கேட்டு வளர்ந்தவன்; அது எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் பயிற்சியைத் தமிழில் நடத்த வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுவந்தேன். சமூக மன்ற அறையில் இரண்டு சனிக்கிழமைகளில் அது நடந்தது. 26 பேர் பெயர் கொடுத்தார்கள், 19 பேர் இரண்டு நாளும் இருந்தார்கள்.

பயிற்றுநர் எடுத்துக்கொண்ட அடிப்படை, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1980இல் தொடங்கிய நெருக்கடித் தடுப்பு நிறுவனம் பரப்பிய நான்கு படிகள். பிள்ளை பதற்றத்தில் இருந்தால் ஆதரவாகப் பேச வேண்டும். மறுத்து வாதாடத் தொடங்கினால், சுருக்கமாகத் தெளிவாக என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் எல்லாருடைய பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். கொதிப்பு இறங்கியதும் உறவைச் சரிசெய்ய வேண்டும். கேட்பதற்கு எளிது. நாம் தவறுவது முதல் படியில்தான். கால் ஆட்டுவதையும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைப்பதையும் திமிர் என்று எண்ணி நேராக மூன்றாம் படிக்குப் போய்விடுகிறோம்.

முதல் நாள் காலையிலேயே மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்?” என்று கேட்டார். அவர் அதை மனதார நம்பிக் கேட்டவர். பயிற்றுநர் வாதம் செய்யவில்லை. அவரையே பையனாக நடிக்கச் சொன்னார். சுவரோரம் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, இருவரை அவர் முன்னால் நெருங்கி நின்று ஒரே நேரத்தில் பேசச் சொன்னார். அரை நிமிடத்தில் அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. அடுத்து ஒருவர் மட்டும், ஒரு கை நீளத்துக்கு அப்பால், சற்றுப் பக்கவாட்டில் நின்று, கைகள் தெரியும்படி வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் “தம்பி, தண்ணீர் வேண்டுமா?” என்றார். பெரியவர் பிடியை விட்டார். மதிய உணவு வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

வாசலை மறைக்காதீர்கள் என்று பயிற்றுநர் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியிலிருந்த ஓர் இல்லத்தில், பெற்றோர் வருகை நாளில் ஒரு பையனின் தாயார் வரவில்லை. மாலையில் அவன் அறையை விட்டு வெளியே போக வந்தான். நான் கதவில் கை வைத்து நின்றேன். “போய் உட்கார்” என்று மூன்று முறை சொன்னேன், ஒவ்வொரு முறையும் உரக்க. அவன் சன்னல் கண்ணாடியில் குத்தினான். எட்டுத் தையல். பையனின் அடையாளத்தைச் சொல்லமாட்டேன். சட்டமும் அதை அனுமதிக்காது. ஆனால் அந்தக் கதவில் இருந்தது என் கை. அதை அன்றே யாராவது எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் பெரும்பகுதி சொற்களில் கழிந்தது. தமிழில் ‘அடக்கு’ என்பது சட்டென்று வரும் சொல். அடங்காதவன் என்றால் தவறு முழுக்க அவனுடையதாகிவிடுகிறது. ‘தணி’ என்றால் நமக்கும் அதில் வேலை இருக்கிறது. நம் சிங்கப்பூர்ச் சட்டமே இந்த வழியில் நடந்திருக்கிறது. 2019இல் சிறுவர், இளையர் சட்டத்தைத் திருத்தியபோது ‘பெற்றோர் கட்டுப்பாட்டை மீறியவர்’ என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு, நீதிமன்ற ஆணையின் பெயரைக் ‘குடும்ப வழிகாட்டல் ஆணை’ என்று மாற்றினார்கள்.

காவலில் உள்ள இளையரைப் பாதுகாக்க ஐநா 1990இல் ஏற்ற விதிகளையும் தமிழில் வாசித்தோம். 64ஆம் விதி, மற்ற எல்லா வழிகளும் தோற்ற பிறகே உடல்பலத்தைப் பயன்படுத்தலாம், அதுவும் இயன்ற அளவு குறைந்த நேரத்துக்கு, அவமானப்படுத்தாமல், என்கிறது. ஒரு பிள்ளையைக் குப்புறக் கிடத்தி முதுகில் எடையை வைத்தால் மூச்சு முட்டும், உயிரே போகலாம். அவன் “மூச்சு விட முடியவில்லை” என்று சொல்வதை நடிப்பு என்று எண்ணவே கூடாது. தொண்டூழியர்கள் பிள்ளைகள்மீது கை வைக்கவே கூடாது. விலகி நின்று பணியாளரை அழைக்க வேண்டும்.

நான்காம் படிக்கு நேரம் போதவில்லை, அது என் திட்டமிடலின் குறை. சண்டை முடிந்த பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து, என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று அவன் வாயால் கேட்பதுதான் அடுத்த சண்டையைத் தடுக்கும். கை நடுங்க வீட்டுக்குப் போகும் பணியாளரோடும் ஒருவர் உட்கார வேண்டும். எட்டுத் தையல் போட்ட அன்று நான் யாரிடமும் பேசாமல் பஸ் ஏறினேன்.

வர முடியாத ஏழு பேரில் ஐவர் இரவுப் பணியில் இருந்தவர்கள். ஆள் குறைவாகவும் பிள்ளைகள் தூக்கமில்லாமலும் இருக்கும் நேரம் அதுதான். எனவே அடுத்த ஆண்டு பயிற்சியை வார நாள் பிற்பகலிலும் ஒருமுறை நடத்தவும், ஆறு மாதம் கழித்து அரைநாள் மறுபயிற்சி வைக்கவும் செயலவை பரிந்துரைக்கிறது. இரண்டுக்கும் இன்று உங்கள் ஒப்புதல் வேண்டும். நடிப்புப் பயிற்சிக்கு உதவ முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். மாட்டுப் பழமொழி சொன்ன பெரியவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

நன்றி.
செயலாளர்