புளியங்கொட்டை ஒன்று அனுப்புகிறேன்

செம்பூர், மும்பை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் இல்லையே என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. மார்ச் மாதம், வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், ஆபீசில் தலை நிமிர முடியவில்லை. மகள் படிக்கப் போனதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து எழுந்துவிடுகிறாய், கேஸை மூடினோமா என்று நாலு தரம் அடுப்படிக்குப் போய்ப் பார்க்கிறாய், வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்கும் இது வந்தது, உன்னிடம் மறைத்துவிட்டேன்.

போன ஜூலையில் ஒரு நாள், கொட்டுகிற மழை. ஹார்பர் லைனில் வடாலாவுக்கும் சிவ்ரிக்கும் நடுவே லோக்கல் ரயில் நின்றுவிட்டது. லேடீஸ் டப்பாவில் திரும்பி நிற்கக்கூட இடமில்லை, ஈரக் குடைகளெல்லாம் காலில் இடிக்கின்றன, எனக்குத் திடீரென்று உள்ளங்கை வேர்த்து, விரல் நுனி மரத்து, நெஞ்சு எகிறி, அவ்வளவுதான் இங்கேயே செத்துப்போகப் போகிறேன் என்று தோன்றிவிட்டது. யாரோ ஒரு மராத்தியம்மா எழுந்து இடம் கொடுத்து, தன் பாட்டில் தண்ணீரையும் நீட்டினாள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை நான்.

மறுநாள் இசிஜி, தைராய்டு எல்லாம் எடுத்தோம், ஒன்றுமில்லை. பானிக் அட்டாக் என்று சொல்லி மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் நிதானமாகச் சொன்னார்: ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும், உடம்பு ஓடத் தயாராகும், ஓட இடமில்லாததால் இதயம் மட்டும் ஓடுகிறது, பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கிவிடும். சரி, புரிந்தது. ஆனால் வண்டிக்குள் நெஞ்சு அடிக்கும்போது இதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? அதற்குத்தான் கைக்கு அகப்படுகிற மாதிரி ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு உடனே எங்கள் ஆச்சி ஞாபகம்தான் வந்தது. மறக்கக் கூடாத விஷயம் என்றால் முந்தானையில் ஒரு முடிச்சுப் போடுவாளே, எதற்குப் போட்டோம் என்பதையே மறந்துவிட்டு முடிச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே! நான் தேர்ந்தெடுத்தது புளியங்கொட்டை. தாயம் விளையாட நீயும் நானும் சிமெண்டுத் திண்ணையில் தேய்த்தோமே, ஒரு பக்கம் வெள்ளையாக, அதே மாதிரி அம்மியில் தேய்த்துப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். தேய்த்த பக்கம் லேசாகச் சொரசொரக்கும், மறுபக்கம் எண்ணெய் தடவியது போல வழுக்கும். சொரசொரப்பில் கட்டைவிரலை வைத்து நாலு எண்ணும் வரை மூச்சை இழுப்பேன், திருப்பி வழவழப்பில் வைத்து ஆறு எண்ணும் வரை விடுவேன். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், அதுதான் கணக்கு. சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு என்று ஸ்டேஷன் தாண்டத் தாண்ட படபடப்பு இறங்குவது எனக்கே தெரியும்.

இன்னொன்று ஸ்டிக்கர் பொட்டு. எப்படியும் குளித்துவிட்டு கண்ணாடியில்தான் ஒட்டிவைக்கிறோம். அதிலிருந்து ஒன்றை போன் முதுகிலும், ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓரத்திலும் ஒட்டினேன். கண்ணில் பட்டால் தோளை இறக்க வேண்டும், கடித்துக்கொண்டிருக்கிற பல்லை விட வேண்டும், அவ்வளவுதான். நாள் முழுக்க பல்லைக் கடித்துக்கொண்டே கணக்குப் பார்த்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து சீட்டுப் பெண் திருஷ்டிக்கா என்று கேட்டாள், ஆமாம் என்றேன், யார் விளக்கிக்கொண்டிருப்பது? இரண்டு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும், இடம் மாற்றி ஒட்ட வேண்டும்.

ஒரு கூத்தும் நடந்தது. குர்லாவில் பர்ஸைத் திறந்தபோது கொட்டை எங்கோ விழுந்துவிட்டது. அதைக் காணோம் என்றதும் பிளாட்பாரத்திலேயே படபடப்பு ஆரம்பித்துவிட்டது! டாக்டரிடம் சொன்னேன், "அதைத் தாவீஸ் ஆக்கிவிட்டீர்கள்" என்று சிரித்தார். தாயக்கட்டை தாயத்தாகிவிட்டது பார். அதைத் தொட்டால்தான் பிழைப்பேன் என்று ஆகிவிட்டால் அதுவே அடுத்த பயமாகிவிடுமாம். மாதுங்காவில் வாங்குகிற புளியில் கொட்டைக்கா பஞ்சம், இப்போது எது கிடைக்கிறதோ அதை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன், சில நாள் வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டும் போகிறேன். அந்த நாட்களில் கொஞ்சம் உதைக்கத்தான் செய்கிறது.

உன் கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி ரெகுலேட்டரை மூடியதும் லைட்டரை ஆணியில் மாட்டு, மாட்டும்போது "மூடிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல். பொருளை வைத்த கை மறக்காது. ஆனால் லைட்டரையே நாலு தரம் எழுந்து போய்ப் பார்த்தாயானால் அது வேறு கதை, அதை நம் வைத்தியத்தில் தீர்க்க முடியாது, டாக்டரிடம் போ. போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசாங்கத்தினுடையது, 2022-இல் ஆரம்பித்தது, காசு கிடையாது, நடுராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். காபியையும் சாயங்காலத்துக்கு மேல் குடிக்காதே. நான் இரண்டு டம்ளராகக் குறைத்தேன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் டாக்டர் மேல் கோபம் உண்டு.

இந்தக் கவரில் ஒரு கொட்டை வைத்திருக்கிறேன், தேய்க்காதது. உன் வீடு முழுக்க டைல்ஸ்தான் என்றாலும் கொல்லையில் துவைக்கிற கல் இருக்கிறதல்லவா, அதில் நீயே உட்கார்ந்து தேய். சூடேறினால் யார் கையிலாவது வைத்து இழுத்துவிடாதே, என் முழங்கையில் நீ வைத்த தழும்பு இன்னும் இருக்கிறது. மே மாதம் ஊருக்கு வருகிறேன்.

உன்,
கோமு