ஞானக்கூத்தனை இரண்டு வரியில் முடித்துவிடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கவிஞர் ஞானக்கூத்தன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ‘எனக்கும் தமிழ்தான் மூச்சு, ஆனால் பிறர்மேல் அதை விடமாட்டேன்’ என்பதில் தொடங்கி அதையே சுற்றிச் சுற்றி வந்து முடிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அந்த வரி அவர் பெயர்கூட இல்லாமல் உலவுகிறது. சரி, பத்திரிகையும் அதோடு நின்றுவிட வேண்டுமா?

மாயவரத்தை ஒட்டிய திருஇந்தளூரில் 1938இல் பிறந்த ரங்கநாதன் அவர். வீட்டுமொழி கன்னடம், பொதுப்பணித் துறையில் உத்தியோகம். இதெல்லாம் கட்டுரையில் உண்டு. மேடைப் பேச்சைக் கேலி செய்யும் ‘காலவழுவமைதி’ கவிதைக்கு மட்டும் ஒரே வாக்கியம்! அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘தலைவரார்களேங்... தமிழ்ப் பெருமாக்களேங்... வணக்கொம்’ என்று மைக் பிடித்தவரின் இழுவையும் மூக்கொலியும் அப்படியே எழுத்தில் இறங்கியிருக்கும். மக்கள் ‘மாக்கள்’ ஆகிவிடுவார்கள். கண்ணீர், பசி என்று பேச்சாளர் உருகிக்கொண்டிருக்கும்போதே வண்ணாரப்பேட்டைக் கிளை சார்பில் மாலை வந்துவிடும். இத்தனை கூத்தும் விருத்தம் என்ற மரபுச் செய்யுளின் ஓசையில் நடக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. புதுக்கவிதைக்காரர்கள் பலரும் யாப்பை உதறிக்கொண்டிருந்த நாளில், மேடைத்தமிழைக் கேலி செய்ய மேடை கொண்டாடிய ஓசையையே எடுத்துக்கொண்டார் மனிதர்.

அப்புறம், திராவிட இயக்கத்தைக் கிண்டலடித்தவர் என்ற முத்திரை. கிண்டலடித்தார்தான். சில இடங்களில் அது எனக்கும் உறுத்தும். ஆனால் அவர் சீண்டியது அவர்களை மட்டுமா? ‘அன்று வேறு கிழமை’ கவிதையில் நிழலுக்காகப் பாடைக்குக் கீழே ஒதுங்குகிறது ஒரு நாய். பாடை தூக்குகிறவர்கள் அதை உதைக்கிறார்கள். எந்தக் கட்சியும் இல்லை அதில், நாம்தான் இருக்கிறோம்.

‘கீழ்வெண்மணி’ கவிதையைக் கட்டுரை தொடவே இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அந்த ஊரில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அன்றைய தஞ்சை ஜில்லாதான், அவர் பிறந்த அதே ஜில்லா. கவிதையில், விடிந்ததும் ஊர்க்காரர்கள் திரண்டு வருகிறார்கள். பொசுங்கிய எல்லாவற்றுக்கும் அஸ்தி கிடைக்கிறது, ‘நாகரிகம் ஒன்று நீங்க’. பகடிக் கவிஞர் என்று மட்டும் அவரை அறிந்தவர்கள் இந்தக் கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றாக வேண்டும்.

சின்னக் கவிதைதான். உரியவர்களிடம் அனுமதி பெற்று அடுத்த இதழில் முழுதாக வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை எடுத்துவிடலாம்.

ஒரு வாசகர்,
கும்பகோணம்