திருச்சியில் விமானங்கள் நிற்கும் இடங்கள்: நண்பனுக்குக் கடிதம்

அன்புள்ள சேகருக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தை, கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் எக்ஸ்-பிளேன் சிமுலேட்டருக்காக நீ வரையத் தொடங்கியிருப்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை நினைவூட்டும் அந்த முகப்புக்கு நீ எடுத்துக்கொள்ளும் சிரத்தை பாராட்டுக்குரியது. ஆனால் விமானங்கள் நிற்கும் இடங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சிமுலேட்டரில் பறப்பவனுடைய பயணம் தொடங்குவதும் முடிவதும் அந்த இடத்தில்தான். ஆகவே முதலில் அவற்றைக் குறித்துவிட்டுப் பிறகு சுவர் எழுப்பு என்று கேட்டுக்கொள்கிறேன்.

நிறுத்துமிடத்தின் அளவைத் தீர்மானிப்பது விமானத்தின் இறக்கை. பன்னாட்டு விதிமுறைப்படி, இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 24 மீட்டர் முதல் 36 மீட்டருக்குள் உள்ளவை சி பிரிவு. 52 முதல் 65-க்குள் உள்ளவை இ. 65 முதல் 80-க்குள் உள்ளவை எஃப். ஷார்க்லெட் எனும் மேல்நோக்கி வளைந்த இறக்கை நுனி பொருத்திய ஏர்பஸ் ஏ320-க்கு இது 35.8 மீட்டர், ஏ380-க்கு 79.75 மீட்டர். இரண்டும் தத்தம் பிரிவின் விளிம்பை ஒட்டியே நிற்பதைப் பார்த்தாயா? விமானத்தை வடிவமைப்பவர்களே இந்த எல்லைக்கு அடங்கித்தான் இறக்கையை வரைகிறார்கள். பக்கத்து விமானத்துக்கும் இதற்கும் இடையே சி பிரிவில் 4.5 மீட்டரும், அதற்கு மேற்பட்ட பிரிவுகளில் 7.5 மீட்டரும் இடைவெளி வேண்டும். எனவே அடுத்தடுத்த இரண்டு சி இடங்களில் விமானத்தின் நடுவை வழிநடத்தும் மஞ்சள் கோடுகள் 40.5 மீட்டருக்குக் குறையாமல் விலகியிருக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தின் மேல் நிறுத்துமிடத்துக்கு நீ புள்ளி வைக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார். இரண்டு சி விமானங்கள் இடைவெளியோடு சேர்ந்து 76.5 மீட்டரில் அடங்கிவிடுவதால், ஒரு பெரிய விமானத்துக்கான இடத்தையே இரண்டு சிறிய விமானங்களுக்கும் பயன்படுத்தும் வழக்கம் பல விமான நிலையங்களில் உண்டு. அத்தகைய இடத்தில் பெரியதற்கு நடுவில் ஒன்று, சிறியவற்றுக்கு ஓரங்களில் இரண்டு என மூன்று புள்ளிகளையும் வைத்துவிட்டால், நடுவில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக இரு விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து, ஒன்றின் இறக்கை மற்றொன்றின் உடலுக்குள் புகுந்து நிற்கும். அங்கே எந்த விமானங்கள் அதிகம் வருகின்றனவோ அவற்றுக்குரிய புள்ளிகளை மட்டும் வைப்பதே சரி என்பது என் கருத்து.

நாம் இருவரும் பழகிய எஃப்எஸ்எக்ஸ் எனும் மைக்ரோசாஃப்ட்டின் பழைய சிமுலேட்டரில் நிறுத்துமிடம் ஒரு வட்டம். அதன் ஆரத்தை மீட்டரில் தர வேண்டும். ஆரம் போதாத வட்டத்துக்குக் கணினி இயக்கும் விமானம் போகாது. தனக்குப் பொருந்தும் இடம் எதுவுமே இல்லையென்றால் தரையிறங்கியபின் மறைந்துவிடும். ஆனால் வட்டம் நீளத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஏ320-இன் நீளம் 37.6 மீட்டர், ஏ321-இன் நீளம் 44.5 மீட்டர், இரண்டுக்கும் இறக்கை ஒன்றே. ஒரே நடுப்புள்ளியில் இரண்டையும் நிறுத்தினால், நீளமானதன் மூக்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் முனையத்தை நோக்கி முன்னே போய்விடும். முனையத்திலிருந்து விமானத்துக்கு நீளும் நடைபாலமான ஏரோபிரிட்ஜ் கதவைத் தேடி அலையும். விமானங்கள் நிற்கும் உண்மையான தளத்தில் (ஏப்ரனில்) விமான வகைக்கு ஏற்ப மூக்குச் சக்கரம் நிற்க வேண்டிய கோடுகள் தனித்தனியே வரையப்பட்டிருப்பது இதனால்தான். நீயும் ஏரோபிரிட்ஜ் உள்ள ஒவ்வொரு நிறுத்துமிடத்திலும் (கேட்டிலும்) ஏ320 ஒன்றையும் ஏ321 ஒன்றையும் நிறுத்திப் பார்த்த பிறகே அந்த இடத்தை முடிவு செய்.

இனி விமானம் நிற்கும் திசையும், அட்சரேகை தீர்க்கரேகையாகத் தரப்படும் ஆயத்தொலைவும். சிமுலேட்டர் கேட்பது உண்மை வடக்கிலிருந்து அளந்த திசை. காந்த வடக்கிலிருந்து அளந்ததன்று. திருச்சியில் இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறிது என்பதால் தவறு கண்ணில் படாமல் போகலாம், ஆனால் சியாட்டில் போன்ற ஊரில் அது 15 பாகை அளவுக்கு வந்து விமானத்தைக் கோணலாக நிறுத்திவிடும். நிறுத்துமிட வரைபடங்களில் அச்சிடப்படும் ஆயத்தொலைவுகள் விமானிகள் தங்கள் வழிகாட்டிக் கருவிக்கு ஊட்டுவதற்காகத் தரப்படுபவை. பாகையை அறுபதாகப் பிரித்த நிமிடத்தின் நூறில் ஒரு பங்கு என்பதே 18.5 மீட்டர் ஆகும்போது, அத்தனை நுட்பத்தில் தரப்பட்ட எண்ணை மட்டும் நம்பி விமானத்தைக் கோட்டின்மேல் நிறுத்த முடியாது. எண்ணை வழிகாட்டியாகக் கொண்டு, தரையிலுள்ள மஞ்சள் கோட்டைப் பார்த்துத் திருத்து.

திருச்சிக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே வந்து போகும் ஏடிஆர் 72 எனும் சிறிய டர்போபிராப் (சுழல்விசிறி) விமானத்தின் இறக்கை 27 மீட்டர். ஆகையால் அதுவும் சி பிரிவே. பிரிவை மட்டும் பார்த்து அதை ஏரோபிரிட்ஜ் உள்ள கேட்டில் அனுமதித்துவிட்டால் பெரும் பிழையாகும், ஏனென்றால் பயணிகள் ஏறும் கதவு பின்புறம் இடப்பக்கத்தில் இருக்கிறது. முன்புறம் இருப்பது சரக்குக் கதவு. கேட்டுகளின் விமான வகையில் ஜெட்டை மட்டும் குறித்து, டர்போபிராப்புக்கு முனையத்திலிருந்து விலகிய இடங்களைத் தனியே ஒதுக்கு. விமான நிறுவனங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளையும் விடாமல் எழுது. அவற்றைப் பார்த்துத்தான் எக்ஸ்-பிளேன் எந்த நிறுவனத்தின் விமானத்தை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறது.

நிறுத்துமிடங்களை மட்டும் குறித்து முடித்ததும் கோப்பை எனக்கு அனுப்பு. ஒவ்வொரு இடத்திலிருந்தும் புஷ்பேக் செய்து, அதாவது விமானத்தைப் பின்னோக்கித் தள்ளி, பின்னால் டாக்சிவே எனும் ஓடுபாதைக்குப் போகும் வழியில் செல்லும் விமானத்துக்கு வழி மிஞ்சுகிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
கதிரேசன்