இருபது ஆண்டுகள் கேட்கப்படாத கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) ஆராய்ச்சியாளர் சர் ராபின் மர்ரேயைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஷான் லூயிஸுடன் சேர்ந்து அவர் 1987ல் எழுதிய ஆய்வுரை, லண்டனில் நெடுங்காலம் பேராசிரியராக ஆற்றிய பணி, 2011ல் கிடைத்த சர் பட்டம் எல்லாம் அதில் இருந்தன. அவரிடம் நான் மிகவும் மதிக்கும் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2017ல், தன் ஆராய்ச்சி வாழ்வில் செய்த தவறுகளைப் பட்டியலிட்டு அவரே ஒரு கட்டுரை எழுதினார். துறையின் முன்னணி இதழ் ஒன்றில், சக ஆய்வாளர்கள் எல்லோரும் படிக்கும்படி எழுதினார்.

மூளை வளரும் பருவத்திலேயே, சில நேரம் பிறப்பதற்கு முன்பே, நோய்க்கான வித்து விழுந்துவிடுகிறது என்பது 1987ல் அவர்கள் முன்வைத்த கருத்து. அது பொய்யன்று. பிரசவச் சிக்கல்களுக்கும் பின்னாளில் வரும் மனச்சிதைவுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டுக்குள் அந்தக் கருத்து வந்த விதம் வேறு.

என் அண்ணனுக்கு இருபத்தோரு வயதில் நோய் வந்தது. முதல் நாள் மருத்துவர் அம்மாவிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? பிரசவம் எப்படி நடந்தது? “ஆயுதம் போட்டு எடுத்தார்கள்” என்றார் அம்மா. மருத்துவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அந்த ஒரு தலையசைப்பு அம்மாவை ஏழு ஆண்டுகள் தின்றது. “நான் இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தால் பிள்ளை நல்லபடியாகப் பிறந்திருப்பானே” என்று நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து சொல்வார். அந்த ஏழு ஆண்டுகளில் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போனது. அண்ணன் தண்ணீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடிக்கும் நிலைக்கு வந்தார். அவருக்கு என்ன நடந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சமூகக் காரணங்களை இருபது ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் விட்டதை மர்ரே தன் தவறுகளில் ஒன்றாக எழுதியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இங்கிலாந்தில் கரீபியப் பின்னணி கொண்டவர்களிடம் இந்நோய் மிக அதிகம். கரீபியத் தீவுகளிலேயே வாழ்பவர்களிடம் அந்த அளவு இல்லை. பரம்பரை மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு சைக்கோசிஸ் (மனச்சிதைவு உட்பட, நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனநோய்கள்) வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012ல் சொன்னது. அடியும் உதையும் ஏளனமும் மூளையைத் தொடாமல் போய்விடுமா என்ன?

மருந்து விஷயத்திலும் அவர் தன்னைத் தப்பவிடவில்லை. நோயாளிகளின் மூளை சுருங்குவதற்கு நோயே காரணம் என்று நம்பி, அதில் மருந்துக்கும் பங்கு உண்டு என்ற சான்றுகளை ஒதுக்கிவிட்டதாக ஒப்புக்கொண்டார். நோயே இல்லாத குரங்குகளுக்கு நெடுநாள் இம்மருந்துகளைக் கொடுத்தபோதும் மூளையின் எடை குறைந்திருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மருந்தே வேண்டாம் என்று மர்ரே சொல்லவில்லை. நோய் கொந்தளித்த நாட்களில் என் அண்ணனை உயிரோடு வைத்திருந்தது அதுதான். எவ்வளவு, எத்தனை காலம் என்பதே கேள்வி. அதை மருத்துவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

எட்டாம் ஆண்டில் வேறொரு மருத்துவரிடம் போனோம். சின்னப் பெண். கோப்பை மூடி வைத்துவிட்டு, “காதில் கேட்கும் அந்தக் குரல் யாருடைய குரலைப் போல இருக்கிறது?” என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பள்ளி விடுதியில் தன்னை இரவுதோறும் அடித்த மூத்த மாணவன் ஒருவனின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

குரல் அன்றோடு நின்றுவிடவில்லை, இன்றும் வருகிறது. ஆனால் அது யாருடையது என்று அண்ணனுக்குத் தெரியும். மாத்திரையின் அளவு, மருத்துவரின் மேற்பார்வையில், மெல்ல மெல்லக் குறைந்திருக்கிறது. குவளையை இப்போது ஒரு கையால் பிடிக்கிறார். அம்மா அன்றைக்குப் பிறகு பிரசவத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

மர்ரேயைப் பற்றி மறுபடி எழுதும்போது அந்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் இடம் கொடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி