பிரஷ்யாவின் சம்பந்தங்களும் 1866 போரும்

ஆசிரியருக்கு,

ஜெர்மனி ஒன்றிணைந்த வரலாறு பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, பிரஷ்ய அரச குடும்பம் பெண் கொடுத்தும் பெண் எடுத்துமே மற்ற ஜெர்மன் நாடுகளை வளைத்துப்போட்டது என்கிறது. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போரில் மோதிய 1866 ஜூனில் மற்ற ஜெர்மன் நாடுகள் எந்தப் பக்கம் நின்றன என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

பேடன் நாட்டை ஆண்ட ஃபிரெடரிக், பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மின் ஒரே மகள் லூயிஸை 1856இல் மணந்தவர். சொந்த மருமகன், ஆனால் அவர் படை ஆஸ்திரியாவின் பக்கம். ஆஸ்திரியாவோடு நின்ற சாக்சனியின் அரசியும், முந்தைய பிரஷ்ய மன்னரின் மனைவி எலிசபெத்தும் இரட்டைப் பிறவிகள். ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்புக்கு இந்த எலிசபெத் பெரியம்மா. பிரிட்டன் இளவரசிகளில் மூத்தவரான விக்டோரியாவின் கணவர், பிரஷ்யப் பட்டத்து இளவரசர், இரண்டாம் படையை நடத்திச் சென்றார். தங்கை ஆலிஸின் கணவர் ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட் படையோடு எதிரணியில் இருந்தார்.

ஹனோவர் கதை இன்னும் கசப்பானது. பார்வையிழந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், வில்ஹெல்முக்குச் சித்தி மகன். ஜூன் 27இல் லாங்கென்சால்சாவில் அவர் படை வென்றது. இரண்டே நாளில் பிரஷ்யத் துருப்புகள் சூழ்ந்துகொள்ள, சரணடைந்தது. பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களுக்கும் ரைன் பகுதிக்கும் நடுவில் ஹனோவர் கிடந்தது. பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்குக்கு அந்த நிலம் வேண்டும். சித்தி மகன் என்ற உறவு அங்கே எடுபடவில்லை. நாட்டை இணைத்துக்கொண்டதோடு விடாமல், ஜார்ஜுக்கு இழப்பீடாகப் பேசிய 1.6 கோடி தாலரையும் (அன்றைய ஜெர்மன் நாணயம்) 1868இல் முடக்கி, அதன் வட்டியைப் பத்திரிகைகளை விலைக்கு வாங்கச் செலவிட்டார். பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்குக்கும் அந்த நிதியிலிருந்து பணம் போனது. 1870 நவம்பரில் வில்ஹெல்மை ஜெர்மன் பேரரசர் பட்டம் ஏற்க அழைத்துக் கடிதம் எழுதியவர் இந்த லுட்விக்தான். அவர் தாய் வில்ஹெல்மின் சித்தப்பா மகள். ஆனாலும் கடிதத்தின் வரைவை எழுதிக் கொடுத்தது பிஸ்மார்க்.

உறவு பலித்த இடமே இல்லை என்று சொல்லவில்லை. ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டருக்கு வில்ஹெல்ம் தாய்மாமன். 1866 போரிலும், 1870இல் பிரான்ஸோடு நடந்த போரிலும் ரஷ்யா இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம். வூர்ட்டெம்பெர்க் அரசி அலெக்சாண்டரின் தங்கை, அவர் மனைவியோ ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட் பெண். தோற்ற பிறகும் இந்த இரண்டு நாடுகளும் பிழைத்ததில் ரஷ்யாவின் பரிந்துரைக்குப் பங்குண்டு. பரிந்து பேச அப்படி ஒரு வல்லரசு முன்வராத ஹனோவர், நாசாவ் போன்றவை காணாமல் போயின.

கட்டுரை எடுத்துக்காட்டும் இரண்டு திருமணங்களின் ஆண்டுகளையும் கவனிக்க வேண்டும். பிரஷ்யா இணைத்துக்கொண்ட ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதிக்கு உரிமை கோரிய அகஸ்டன்பர்க் குடும்பத்துப் பெண்ணை, பின்னாளில் இரண்டாம் வில்ஹெல்ம் ஆன இளவரசர் மணந்தது 1881இல். ஐந்தாம் ஜார்ஜின் பேரனுக்கு அதே வில்ஹெல்மின் மகளைக் கொடுத்தது 1913இல். நிலத்தைப் பிடுங்கி முடித்து ஆண்டுகள் கழித்து நடந்த சமரசக் கல்யாணங்கள் இவை. நாடு பிடித்த கருவிகள் அல்ல.

இன்னொரு திருத்தம். அன்றைய பிரஷ்ய இளவரசர்களால் விரும்பிய இடத்தில் சம்பந்தம் செய்துவிட முடியவில்லை. மன்னரின் ஒப்புதலும் சம அந்தஸ்தும் வேண்டியிருந்தன. வில்ஹெல்மே இளமையில் எலிசா ராட்சிவில் என்ற பெண்ணை விரும்பினார். அவள் தாய் பிரஷ்ய இளவரசி, தந்தை போலந்துப் பிரபு; தந்தை வழி அந்தஸ்து போதாது என்றார்கள். ஓர் அரச குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்து அவள் தகுதியை உயர்த்தப் பார்த்தார்கள். தத்தெடுத்தால் பிறப்பு மாறாது என்று ஆலோசகர்கள் சொல்லிவிட, 1826இல் தந்தையின் கட்டளைப்படி வில்ஹெல்ம் அவளைக் கைவிட்டார். 1829இல் மணந்தது சாக்ஸ்-வைமார் இளவரசி அகஸ்டாவை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்