பயணியிடம் கேட்காமல் வாங்கிய கடன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, பயணிகளுக்குச் சேர வேண்டிய பணத்தை டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் கெடு விதித்ததையும், அன்றைய தினமே 610 கோடி ரூபாய் வரை திருப்பித் தரப்பட்டுவிட்டதாக அரசு அறிவித்ததையும் தங்கள் நாளிதழில் படித்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் கொரோனா காலத்தில் ரத்தான எங்கள் ஆறு டிக்கெட்டுகளுக்கான பணம் கைக்கு வந்து சேர இரண்டு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் ஆயின என்பதால், அந்தச் செய்தியை என்னால் மகிழ்ச்சியோடு மட்டும் படித்து மடித்து வைக்க முடியவில்லை. கொரோனா கால டிக்கெட் பணம் பழங்கதை என்று பலரும் நினைக்கக்கூடும். அப்போது எழுந்த கேள்விக்கு இன்னமும் சட்டத்தில் விடை எழுதப்படவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கூட்டுறவு வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நானும் என் மனைவியும், மைத்துனரும் அவர் மனைவியும், பக்கத்து வீட்டு நண்பரும் அவர் மனைவியுமாக ஆறு பேர் காசிக்குப் போவதென்று முடிவு செய்து, 2020 பிப்ரவரி 11 அன்று கும்பகோணத்தில் எங்களுக்குப் பழக்கமான ஒரு டிராவல்ஸில் பணம் கட்டினோம். ஏப்ரல் 18 அன்று சென்னையிலிருந்து வாரணாசிக்கு விமானம். திரும்பி வருவதற்கு ரயில். விமானக் கட்டணம் தலைக்கு 5,850 ரூபாய் வீதம் 35,100 ரூபாய். ரயில் டிக்கெட்டை என் மகன் ஐஆர்சிடிசி தளத்தில் எடுத்துக் கொடுத்தான். மார்ச் 25 முதல் பொதுமுடக்கம் வந்தது. இரண்டு பயணங்களும் நின்றுபோயின. வசதிக் கட்டணம் என்று பிடித்த சில்லறை நீங்கலாக, ரயில் கட்டணம் முழுவதும் யாரும் கேட்காமலேயே மகனின் வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. விமான நிறுவனத்திடமிருந்து வந்ததோ ஒரு குறுஞ்செய்தி மட்டுமே. எங்கள் தொகை ‘கிரெடிட் ஷெல்’லில், அதாவது விமான நிறுவனமே எங்கள் பெயரில் வைத்திருக்கும் வரவுக் கணக்கில், பத்திரமாக இருக்கிறதாம், ஓராண்டுக்குள் வேறு பயணத்துக்குப் பயன்படுத்திக் கொள்ளலாமாம். அறுபதைக் கடந்த ஆறு பேர், தடுப்பூசியே வராத காலத்தில், எந்த ஊருக்குப் பறந்து அந்தத் தொகையைத் தீர்ப்பது என்று அதில் சொல்லப்படவில்லை.

ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை உடனே கொடுக்காமல் தவணை சொல்லி வைத்துக்கொள்வதற்கு எங்கள் தொழிலில் கடன் என்று பெயர். கடன் வாங்குகிறவர் கொடுக்கிறவரிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். கிரெடிட் ஷெல் விஷயத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. இத்தனைக்கும், விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவது குறித்து வகுத்த விதிகளில், பணத்தைக் கிரெடிட் ஷெல்லில் வைப்பதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பத்துக்கு உரியது என்றும், விமான நிறுவனம் அதைத் தானாகச் செய்யும் வழக்கமாக்கிக் கொள்ளக் கூடாது என்றும் கொரோனாவுக்கு முன்பே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. கடன் அட்டையில் கட்டிய பணத்தை ஏழு நாளில் திருப்ப வேண்டும், முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சாரும் என்பவையும் அதே விதிகளில் இருந்தவைதாம். இவை போதாதென்றால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. நிறைவேற்ற இயலாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது அதன் 56-ஆவது பிரிவு. செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்கிறது 65-ஆவது பிரிவு. பொதுமுடக்கம் விமான நிறுவனத்தின் குற்றம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது பயணியின் குற்றமும் அல்ல. இருவர் மீதும் குற்றமில்லாதபோது பணம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதைத்தான் அந்தப் பழைய சட்டம் சொல்லி வைத்திருக்கிறது.

இந்நிலையில் 2020 ஏப்ரல் 16 அன்று அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. மார்ச் 25-க்கும் ஏப்ரல் 14-க்கும் இடையில், அதாவது முதல் பொதுமுடக்கக் காலத்தில், டிக்கெட் எடுத்து, அந்தக் காலத்திலோ மே 3 வரையிலான இரண்டாவது பொதுமுடக்கக் காலத்திலோ பயணம் செய்ய இருந்தவர்கள் கேட்டால், ரத்துக் கட்டணம் பிடிக்காமல் மூன்று வாரத்தில் முழுப் பணத்தையும் தர வேண்டும் என்பது அதன் சாரம். நாங்கள் பயணம் செய்ய இருந்த ஏப்ரல் 18 அந்தக் காலத்துக்குள் வருகிறது. ஆனால் பணம் கட்டிய நாள் பிப்ரவரி 11. ஆகவே நாங்கள் வெளியே. ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது துணிந்து டிக்கெட் எடுத்தவருக்குப் பணம் உண்டு. பொதுமுடக்கம் வரும் என்று யாரும் அறியாத காலத்தில் முன்கூட்டியே திட்டமிட்டுக் கட்டியவருக்குக் கிடையாது. கட்டிய தேதியை வைத்துக் கோடு போட்டதற்கு ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது: பெருந்தொகை கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. கோடைவிடுமுறைப் பயணத்துக்கு ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தானே நம் மக்கள் டிக்கெட் எடுக்கிறார்கள்?

பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பும் பிறரும் தொடுத்த வழக்குகளில், உச்ச நீதிமன்ற நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 அக்டோபர் 1 அன்று வழங்கிய தீர்ப்பு அந்தக் கோட்டை ஓரளவு அழித்தது. மே 24 வரையிலான பொதுமுடக்கக் காலத்தில் எடுத்த டிக்கெட்டுகளுக்கு உடனே பணம். முன்பே எடுத்தவர்களுக்கு 15 நாளில் பணம். நிதி நெருக்கடியால் இயலாத நிறுவனம் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல் தரலாம், அதைப் பயணி எந்த வழித்தடத்துக்கும் பயன்படுத்தலாம், பிறருக்கு மாற்றியும் கொடுக்கலாம் என்றது நீதிமன்றம். 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 விழுக்காடும், அதன்பின் மாதம் 0.75 விழுக்காடும் அந்தத் தொகையின் மதிப்பு கூட வேண்டும் என்றும் சொன்னது. பழைய பழக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் 35,100 ரூபாய்க்கு ஏறக்குறைய 2,800 ரூபாய் வந்தது. சேமிப்புக் கணக்கு வட்டியைவிட அதிகம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ‘நிதி நெருக்கடியால் இயலாத நிறுவனம்’ என்ற ஒரு சொற்றொடர் போதுமானதாக இருந்தது. நெருக்கடி இருக்கிறதா என்பதை நிறுவனமே சொல்லிக்கொள்ளலாம். எந்த ஆவணத்தையும் அது பயணியிடம் காட்ட வேண்டியதில்லை. பதினைந்து நாளில் பணம் என்ற வரி எங்களைப் பொறுத்தவரை தாளிலேயே தங்கிவிட்டது.

தீர்ப்பின் இன்னொரு பகுதிதான் எங்களை உண்மையில் அலைக்கழித்தது. முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டின் கிரெடிட் ஷெல்லை அதே முகவர் மூலமாகத்தான் பயன்படுத்த முடியும். கெடு முடிந்த பிறகு பணம், எந்தக் கணக்கிலிருந்து விமான நிறுவனத்துக்கு வந்ததோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறிய ஊர் டிராவல்ஸ்காரர்கள் விமான நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் கட்டுவதில்லை. சென்னையில் இருக்கும் ஒரு மொத்த முகவரின் தளத்தில் முன்பணம் போட்டு வைத்து, அதிலிருந்து டிக்கெட் எடுக்கிறார்கள். அப்படியானால் பணம் வந்த கணக்கு எது? எங்கள் பெயரில் கட்டப்பட்டு, எங்கள் பெயரில் டிக்கெட் வந்து, எங்கள் பெயரில் கிரெடிட் ஷெல் திறக்கப்பட்ட பணம், நாங்கள் முகம் பார்த்தறியாத ஒருவரின் கணக்குக்கு 2021 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தது. விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினால், “பணத்தைக் கொடுத்துவிட்டோம், முகவரைக் கேளுங்கள்” என்றார்கள். சென்னைக்காரர், கும்பகோணத்துக்காரர் தமக்குத் தர வேண்டிய பாக்கியில் அதைக் கழித்துக்கொண்டதாகச் சொன்னார். கும்பகோணத்துக்காரர் கடையை மூடியிருந்தார்; இப்போது அந்த இடத்தில் கைபேசி உறைகள் விற்கிறார்கள். அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஓராண்டுக்கு மேல் ஒரு டிக்கெட்கூட விற்காத மனிதர் அவர். தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் செய்து, மூன்று முறை சென்னைக்குச் சென்று, கடைசியில் 2022 ஜூலையில் தலைக்கு 200 ரூபாய் சேவைக் கட்டணம் பிடித்தது போக 33,900 ரூபாய் கிடைத்தது. அதற்குள் நண்பர் 2021 மே மாதத்தில் கொரோனாவுக்குப் பலியாகியிருந்தார்.

இது எங்கள் ஒரு ஊர் விவகாரமாக இருந்தால் இத்தனை தூரம் எழுதியிருக்க மாட்டேன். யாத்ரா என்ற பெரிய இணையவழிப் பயண நிறுவனத்தில் மட்டும் 2021-இல் 36,276 முன்பதிவுகளுக்கு 26 கோடி ரூபாய்க்கும் மேல் திருப்பித் தரப்படாமல் இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தொடர்ந்து விசாரித்தும், 2024 ஜூனில்கூட 4,837 முன்பதிவுகளுக்கு இரண்டரைக் கோடி ரூபாய் பாக்கி நின்றது. அதைக் கொடுத்துத் தீர்க்கும்படி அந்த மாதம் 27-ஆம் தேதி ஆணையம் உத்தரவிட்டது. பயணிகளைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வதற்காக உதவி மையத்தில் ஐந்து இருக்கைகளை அந்த நிறுவனத்தின் செலவில் ஒதுக்கவும் சொன்னது. பொதுமுடக்கம் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு!

விமான நிறுவனங்களின் தரப்பை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஓடாத விமானத்துக்கும் குத்தகைப் பணம் உண்டு, நிறுத்தக் கட்டணம் உண்டு, ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு. அமெரிக்க அரசு பயணிகள் விமான நிறுவனங்களின் சம்பளச் செலவுக்கென 2500 கோடி டாலர் வரை உதவி ஒதுக்கியது; நம் நாட்டில் அந்த அளவு நேரடி உதவி கிடையாது. அந்த இடத்தை இங்கே பயணியின் முன்பணம் நிரப்பியது என்பதுதான் என் வாதம். அரசு செய்ய வேண்டிய உதவியை எங்களைக் கேட்காமல் எங்கள் கணக்கில் எழுதிவிட்டார்கள். கிரெடிட் ஷெல் தொகையில் ஏறத்தாழ முழுவதையும், சுமார் 1,030 கோடி ரூபாயை, கொடுத்துவிட்டதாக இண்டிகோ 2021 மார்ச்சில் அறிவித்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் பயணிகள் ஒரே ஒரு நிறுவனத்துக்கு, ஓராண்டு வரை, எவ்வளவு பெரிய கடனைத் தந்திருக்கிறார்கள் என்பதற்கும் அதுவே சான்று.

பணம் கொடுத்த அமெரிக்க அரசு, பயணியின் பணத்தில் கைவைக்க அனுமதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் பயணி மறுக்கும்போது வவுச்சரைத் திணிக்கக் கூடாது என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2020 ஏப்ரல் 3 அன்றே எச்சரித்தது. 2022 நவம்பரில் ஆறு விமான நிறுவனங்கள்மீது அது எடுத்த நடவடிக்கையில் நம் ஏர் இந்தியாவும் ஒன்று. 12 கோடியே 15 லட்சம் டாலரைப் பயணிகளுக்குத் திருப்பித் தந்ததோடு, தாமதத்துக்காக 14 லட்சம் டாலர் அபராதமும் கட்ட ஒப்புக்கொண்டது அந்நிறுவனம். புகார்கள் எழுந்த காலத்தில் அது இந்திய அரசுக்குச் சொந்தமாக இருந்தது. அமெரிக்கப் பயணியின் பணத்தைத் தாமதித்ததற்கு அபராதம் கட்டிய நிறுவனத்துக்கு, இந்தியப் பயணியின் பணத்தைத் தாமதித்தால் என்ன ஆகும் என்று நம் விதிகளில் தேடிப் பாருங்கள்.

விமான நிறுவனமே மூழ்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் 2023 மே 2 அன்று திவால் மனு கொடுத்தது. மறுநாள் முதல் அதன் விமானங்கள் பறக்கவில்லை. 2025 ஜனவரியில் அதைக் கலைத்துவிட உத்தரவானது. கையில் டிக்கெட் வைத்திருந்தவர்கள், வங்கிகளுக்கெல்லாம் பின்னால், பிணையற்ற கடன்காரர்களின் வரிசையில் போய் நின்றார்கள். கடன் கொடுக்கும்போது வங்கி ஈடு கேட்கிறது; அதைவிட எளியவரான பயணிக்கு ஈடும் இல்லை, முன்னுரிமையும் இல்லை.

எனவே அரசின் கவனத்துக்குக் கொண்டு செல்லத் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் கேட்பது அதிகமல்ல. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பயணியின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி எந்தப் பேரிடர்க் காலத்திலும் பணத்துக்குப் பதிலாகக் கிரெடிட் ஷெல் தரக் கூடாது என்பதை, ஒரு குறிப்பாணையால் ஓரங்கட்டிவிட முடியாதபடி, அச்சட்டத்தின் கீழ் விதியாகவே எழுத வேண்டும். வீடு கட்டுவோரிடம் வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்க 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இன்னும் பறக்காத விமானத்துக்காக வாங்கிய பணத்திலும் ஒரு பகுதியை அவ்வாறே ஒதுக்கி வைக்கச் சொல்வதில் தவறென்ன இருக்கிறது? மூன்றாவதாக, எத்தனை முகவர்கள் இடையில் இருந்தாலும், டிக்கெட் எடுக்கும்போதே பயணியின் வங்கிக் கணக்கையோ யுபிஐ முகவரியையோ பதிவு செய்து, பணம் நேராக அங்கே போகச் செய்ய வேண்டும். பயணி இறந்துவிட்டால் வாரிசுக்குச் சேர வேண்டும். ரயில்வே முன்பதிவில் கேட்காமலேயே பணத்தைத் திருப்பும் நாட்டில் இது செய்ய முடியாத வேலை அல்ல.

எங்கள் டிக்கெட்டுகள், குறுஞ்செய்தி, புகார் எண், கடைசியாகப் பணம் வந்த ரசீது ஆகியவற்றின் நகல்கள் என்னிடம் இருக்கின்றன. சரிபார்க்க விரும்பினால் தெரிவியுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
கும்பகோணம்.